நாலரை மாதம் மட்டும் திறக்கும் 14 மைல்

செப்டம்பர் 30, மாலை 6 மணி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்கும் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கும் இடையே, மலையடிவாரக் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன எல்லைச் சாவடியில் அந்த வருஷத்து வேலை முடிகிறது. கேட்டைச் சாத்திப் பூட்டினால், மறுபடி திறப்பது அடுத்த மே மாதம் நடுவில்தான். சாவடி மூடியதும் அதற்குப் போகும் சாலைக்கும் வேலை இல்லை. பனி விழும், யாரும் அள்ள மாட்டார்கள். வசந்தம் வரும்வரை அப்படியே கிடக்கும்.

அந்தச் சாலை மொன்டானா மாநில நெடுஞ்சாலை 17. மொத்த நீளம் சுமார் 14 மைல். ஏறக்குறைய 23 கிலோமீட்டர். இந்தப் பக்கம் அது முடிகிற இடத்தில், அந்தப் பக்கம் ஆல்பர்ட்டா நெடுஞ்சாலை 6 தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்து ‘சீஃப் மவுண்டன் பன்னாட்டு நெடுஞ்சாலை’ என்கிறார்கள். பெயர் என்னவோ பெரிசுதான். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். வழியில் ஒரு ஊர் கிடையாது, ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது.

நெடுஞ்சாலை என்றால் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ துறைமுகத்துக்கோ போவதற்கு என்று ஒரு காரணம் இருக்கும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. பக்கத்திலேயே வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் இன்னொரு எல்லைச் சாவடி உண்டு: அமெரிக்கப் பக்கம் பீகன், கனடாப் பக்கம் கார்வே. பெரிய லாரிகளெல்லாம் கிழக்கே வெகுதூரம் தள்ளி ஸ்வீட்கிராஸ் – கூட்ஸ் வழியாகப் போய்விடும். அப்படியிருக்க, காட்டையும் மலைச்சரிவையும் வெட்டி இந்த 14 மைலை ஏன் போட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள், போட்ட இடம் யாருடையது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடினால் வட அமெரிக்காவின் எல்லைக் கதையில் பாதி வந்துவிடுகிறது.

முதலில் சாலையில் ஒரு தடவை போய் வந்துவிடுவோம். பேப் என்ற சிற்றூரிலிருந்து வடக்கே சில மைல் போனதும் 17 இடதுபக்கம் பிரிகிறது. ஆரம்பத்தில் எல்லாமே புல்வெளி. இது பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலம். ‘ரிசர்வேஷன்’ என்பது அரசாங்கம் இதற்கு வைத்திருக்கும் பெயர். நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் ரயில் டிக்கெட்டும் கல்லூரி இடமும்தான் ஞாபகம் வரும். இங்கே அதன் பொருள் வேறு: ஒரு காலத்தில் எல்லாமும் யாருடையதோ, அவர்களிடம் கடைசியில் மிச்சம் விட்டுவைத்த துண்டு.

வேலி அதிகம் இல்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடுகள் சாலையில் நிற்கும், சில நேரம் படுத்தும் இருக்கும். வண்டிதான் ஒதுங்க வேண்டும். மாடு எல்லை தாண்டாமலிருக்க இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஒரு ஏற்பாடு உண்டு. தரையில் பள்ளம் தோண்டி, அதன் மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார்கள். கார் சக்கரம் கடகடவென்று உருண்டு போய்விடும். மாடு கால் வைத்தால் குளம்பு இடுக்கில் இறங்கும், அதனால் கிட்டேயே வராது. கதவே இல்லாத கதவு. மனுஷனுக்கான எல்லை இன்னும் கொஞ்ச தூரத்தில் வருகிறது. அது இவ்வளவு எளிமையானதில்லை.

புல்வெளி மேலேறும்போது ஆஸ்பென் மரங்கள் வரும். எல்லாம் குட்டையாக, ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். மலையிலிருந்து இறங்கும் மேற்குக் காற்று மரத்தை நிமிரவே விடுவதில்லை. அந்தக் காற்றுக்கு நடுவே இடதுபக்கம் தனியாக நிற்கிறது சீஃப் மவுண்டன். உயரம் 9,080 அடி. பக்கத்து மலைத்தொடரில் ஒட்டாமல், சமவெளியின் ஓரத்தில் ஒற்றைக் கல்தூண் மாதிரி எழுந்து நிற்பதால் பல மைல் தூரத்திலிருந்தே தெரியும். பிளாக்ஃபுட் மொழியில் நினைஸ்தாகோ. மலைகளுக்கெல்லாம் தலைவன் என்று பொருள் சொல்லலாம்.

புவியியல் மாணவர்களுக்கு இந்த மலை ஒரு பாடப்புத்தகம். மேலே இருக்கும் பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அடியில் இருப்பது டைனோசர் காலத்துப் படிவு, பத்துக் கோடி ஆண்டுக்குள் அடங்கிவிடும். கிழவன் மேலே, பேரன் கீழே. மேற்கிலிருந்து மிகப் பெரிய பாறைத் தகடு ஒன்று நகர்ந்து வந்து இளைய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்தது. பிற்பாடு சுற்றிலும் அரித்துப்போக, அந்தத் தகட்டின் முனையில் ஒரு துண்டு மட்டும் தனித்து நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே பிறந்த மலை இல்லை இது, வந்து சேர்ந்த மலை.

அதைத் தாண்டியதும் காடு அடர்கிறது. கிளேசியர் தேசியப் பூங்காவின் பலகை வருகிறது, இன்னும் சில மைலில் சாவடி. அமெரிக்கப் பக்கத்துச் சாவடிக் கட்டடம் 1939இல் எழுப்பியது. அரசு அலுவலகம் என்பதைவிட காட்டு பங்களா என்றால் பொருந்தும். அதற்கு அப்பால் காட்டில் ஒரு நேர்கோடு.

அந்தக் கோட்டுக்கு வருவோம். 1818இல் லண்டனில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. வுட்ஸ் ஏரியிலிருந்து ராக்கி மலைத்தொடர் வரை 49ஆவது அட்சரேகைதான் எல்லை என்று முடிவானது. கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இந்த நிலத்தைப் பார்த்ததில்லை. அதுவரை பேச்சில் இருந்த எல்லை தண்ணீரைப் பார்த்துப் பிரித்தது: வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்கு ஓடும் ஆறுகள் பாயும் நிலம் பிரிட்டனுக்கு, தெற்கே மிசூரி ஆற்றில் சேரும் நிலம் அமெரிக்காவுக்கு. அந்தக் கணக்கே நின்றிருந்தால் நெடுஞ்சாலை 17 முழுக்கக் கனடாவில் இருந்திருக்கும். ஏனென்றால் சாலையோரத்துச் செயின்ட் மேரி ஆறும் பெல்லி ஆறும் வடக்கு நோக்கித்தான் ஓடுகின்றன. வரைபடத்தில் ஒரு நேர்கோடு போடுவது சுலபம் என்பதற்காகத் தண்ணீர் ஒரு நாட்டுக்கும் நிலம் இன்னொரு நாட்டுக்குமாகப் போயிற்று.

காகிதத்தில் போட்ட கோடு மண்ணில் இறங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1872இல் இரு நாட்டு நிலஅளவையாளர்களும் கிழக்கிலிருந்து கிளம்பினார்கள். இரவில் நட்சத்திரம் பார்த்து இடம் குறித்து, பகலில் மண்மேடு கட்டி, சுமார் 1,300 கிலோமீட்டர் வந்து 1874 கோடையில் இந்த மலையடிவாரத்தை எட்டினார்கள். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்து நட்ட அடையாளங்கள் சரியாக 49ஆவது அட்சரேகை மேல் விழவில்லை. அங்கங்கே வடக்கே, தெற்கே நகர்ந்திருக்கின்றன. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்குச் சட்டப்படி எல்லை என்பது அட்சரேகை இல்லை, நட்ட தூண்களை இணைக்கும் கோடுதான்.

இந்தக் கோட்டைப் பராமரிக்கவே பன்னாட்டு எல்லை ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் முக்கிய வேலை மரம் வெட்டுவது. காடு எங்கெல்லாம் எல்லையைத் தொடுகிறதோ அங்கெல்லாம் 6 மீட்டர் அகலத்துக்கு மரமில்லாமல் வைத்திருக்க வேண்டும். சீஃப் மவுண்டன் சாவடியருகே நின்றால் இரண்டு பக்கமும் காட்டுக்கு வகிடு எடுத்தமாதிரி தெரியும். வேலி கிடையாது, சுவர் கிடையாது. சும்மா விட்டால் இருபது முப்பது வருஷத்தில் மரம் வளர்ந்து மூடிவிடும். கோடு அங்கே இருக்கிறது என்று நினைவுபடுத்திக்கொண்டே இருக்க ஆள் தேவைப்படுகிறது.

சமவெளிப் பழங்குடியினர் இந்தக் கோட்டை ‘மெடிசின் லைன்’ என்றார்கள். மெடிசின் என்பதற்கு இங்கே மருந்து என்று பொருளில்லை, மந்திர சக்தி. துரத்திக்கொண்டு வரும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் ஏதோ மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் மாதிரி நின்றுவிட்டார்கள். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. வேறென்ன சொல்வது?

அப்படி ஓட வேண்டிய அவசியம் பிளாக்ஃபீட் மக்களுக்கு வந்தது. 1870 ஜனவரி 23 அன்று அதிகாலையில், மராயஸ் ஆற்றங்கரையில் உறைபனியில் தங்கியிருந்த ஹெவி ரன்னர் என்ற தலைவரின் கூடாரங்களை அமெரிக்க ராணுவம் சுட்டுத் தள்ளியது. சுமார் 200 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். பலர் ஏற்கெனவே அம்மை கண்டு படுத்திருந்தவர்கள். படை தேடி வந்தது வேறொரு கூட்டத்தை. தப்பியவர்களில் சிலர் வடக்கே போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்தக்காரர்களிடம் சேர்ந்தார்கள்.

சொந்தக்காரர்கள் என்று சொன்னது சும்மா இல்லை. பிளாக்ஃபுட் மக்கள் நான்கு பிரிவு: சிக்சிகா, கைனாய், வடக்குப் பீகானி, தெற்குப் பீகானி. மொழி ஒன்று, சடங்கு ஒன்று, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. 1877இல் கனடா அரசு பழங்குடியினரோடு செய்த ஏழாம் ஒப்பந்தத்தின்கீழ் முதல் மூன்று பிரிவுக்கு வடக்கே நிலம் ஒதுக்கியது. தெற்குப் பீகானிகள் அமெரிக்கக் கணக்கில் சேர்ந்து ‘பிளாக்ஃபீட்’ ஆனார்கள். ஒரே குடும்பத்தில் அக்கா ஒரு நாட்டவர், தங்கை இன்னொரு நாட்டவர் என்ற நிலைமைக்கு யாருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை.

அடுத்த அடி வயிற்றில் விழுந்தது. அவர்களுக்குச் சோறு, துணி, கூடாரம் எல்லாமே பைசன் என்கிற திமில் வைத்த காட்டு மாடுதான். 1880களின் தொடக்கத்தில் அது வேட்டையில் அழிந்தே போனது. 1883–84 குளிர்காலத்தில் அரசு தருவதாகச் சொன்ன உணவு போதுமான அளவு வரவில்லை. நூற்றுக்கணக்கானோர் பட்டினியில் இறந்தார்கள். ‘பட்டினிக் குளிர்காலம்’ என்றே அதற்குப் பெயர்.

இந்தப் பின்னணியில்தான் 1895 பேரத்தைப் பார்க்க வேண்டும். மலையில் செம்பும் தங்கமும் இருக்கிறது என்று வதந்தி. ஒதுக்கீட்டு நிலத்தின் மேற்கு ஓரத்தில் மலைகள் நிறைந்த சுமார் 8,00,000 ஏக்கரை விற்கச் சொல்லி மூன்று ஆணையர்கள் வந்தார்கள். பிளாக்ஃபீட் தலைவர்கள் 30 லட்சம் டாலர் கேட்டார்கள். 15 லட்சத்துக்கு முடிந்தது. வெள்ளைக் கன்று என்று பொருள்படும் பெயர்கொண்ட மூத்த தலைவர் வைட் காஃப் அந்தப் பேச்சுவார்த்தையில் சொன்னது ஆவணத்தில் இருக்கிறது: சீஃப் மவுண்டன் என் தலை, இப்போது என் தலை வெட்டுப்பட்டுவிட்டது, மலைகள்தான் எனக்குக் கடைசிப் புகலிடமாக இருந்தன என்று. விலை பேசுகிற கூட்டத்தில் இப்படிப் பேசுகிறவரை எதிரே உட்கார்ந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆணையர்களில் ஒருவரான ஜார்ஜ் பேர்ட் கிரினெல், பிளாக்ஃபீட் மக்களின் நண்பர் என்று பெயர் எடுத்தவர். அவர்கள் கதைகளைத் தொகுத்தவர். அதே மலைகளைப் பூங்காவாக்க வேண்டும் என்று எழுதியவர். மூன்றும் ஒரே ஆள்.

செம்பு சொல்லும்படி கிடைக்கவில்லை. 1910இல் அந்த நிலம் கிளேசியர் தேசியப் பூங்காவின் கிழக்குப் பாதியாகிவிட்டது. விற்ற நிலத்தில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் விற்றார்கள். பூங்கா வந்ததோடு அந்த உரிமை முடிந்தது என்பது அரசுத் தரப்பு. நாங்கள் அதை விட்டுக்கொடுக்கவே இல்லை என்பது பிளாக்ஃபீட் தரப்பு. இன்றைக்கும் இந்த வழக்கு பேச்சில் இருக்கிறது. பூங்காவின் கிழக்கு எல்லை சீஃப் மவுண்டன் மேலேயே ஓடுகிறது. மலையின் ஒரு பக்கம் அவர்களுடையது, மறுபக்கம் பூங்காவுடையது. நெடுஞ்சாலை 17இல் புல்வெளியிலிருந்து காட்டுக்குள் நுழைகிறபோது தாண்டுவது அந்த 1895 கோட்டைத்தான். அதற்கு வகிடு எடுத்து யாரும் வைத்திருக்கவில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். 1892இல் ஹென்றி ஸ்டிம்சன் என்ற இளம் நியூயார்க் வக்கீல் சீஃப் மவுண்டனின் கிழக்கு முகத்தில் ஏறினார். இந்தச் சிகரத்தில் எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அது. உச்சிக்குப் போனால் அங்கே வெயிலிலும் பனியிலும் நைந்துபோன பழைய பைசன் மண்டையோடு ஒன்று கிடந்தது. நோன்பிருந்து கனவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் அந்த மலைக்குப் போவது வழக்கம். தலையணையாக மண்டையோட்டை வைத்துக்கொள்வார்கள். ‘முதல்’ ஏற்றத்துக்கு எத்தனை தலைமுறை முன்னால் எவனோ ஒருவன் அதைச் சுமந்து ஏறியிருக்கிறான். இந்த ஸ்டிம்சன்தான் பிற்பாடு இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் போர்த்துறைச் செயலராக இருந்தவர்.

சரி, சாலை எங்கிருந்து வந்தது? ரயிலிலிருந்து வந்தது. கிரேட் நார்தர்ன் என்ற ரயில் கம்பெனியின் பாதை கிளேசியர் பூங்காவின் தெற்கு ஓரமாகப் போகிறது. அதன் தலைவர் லூயிஸ் ஹில்லுக்குப் பயணிகள் வேண்டும். பயணிகள் இறங்கித் தங்க ஓட்டல் வேண்டும். பூங்காவுக்குள் சுவிட்சர்லாந்து பாணியில் பெரிய பெரிய மர ஓட்டல்களாகக் கட்டித் தள்ளினார். பிளாக்ஃபீட் மக்களை இறகுக் கிரீடம் வைத்து ரயில்நிலையத்தில் நிறுத்தி விருந்தாளிகளை வரவேற்க வைத்தார். விளம்பரத்தில் அவர்கள் ‘கிளேசியர் பூங்கா இந்தியர்கள்’ ஆனார்கள். தலை போனவர்களைத் தலைப்பாகை கட்டி நிற்க வைத்த கதை.

அப்புறம் மதுவிலக்கு வந்தது. அமெரிக்கா முழுக்க 1920 முதல் 1933 வரை மது தயாரிக்கவும் விற்கவும் தடை. ஆல்பர்ட்டாவோ 1924இலேயே தன் மதுவிலக்கை எடுத்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், வாட்டர்ட்டன் ஏரியைப் பார்த்தமாதிரி ஒரு குன்றின்மேல் ஓட்டல் கட்டினால் தாகமெடுத்த அமெரிக்கர்கள் வரமாட்டார்களா? 1927 ஜூலையில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஓட்டல் திறந்தது. கட்டும்போதே புயல்காற்று மரச்சட்டத்தை நகர்த்திவிட்டது என்பார்கள். கனடா மண்ணில் நின்றாலும் அது அமெரிக்க ரயில் கம்பெனியின் ஓட்டல். அமெரிக்க ஓட்டல்களிலிருந்து விருந்தாளிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இருந்த வழியோ கிழக்கே சுற்றிக்கொண்டு போகும் மண்பாதை. மழை பெய்தால் பஸ் சேற்றில் சிக்கும். மலையோரமாக ஒரு நேர்வழி இருந்தால் தேவலை என்ற யோசனை அங்கிருந்துதான் வலுத்தது.

யோசனைக்கு நல்ல பெயர் ஒன்றும் கிடைத்தது. 1931 கோடையில் மொன்டானா, ஆல்பர்ட்டா ரோட்டரி சங்கத்தினர் அதே ஓட்டலில் கூடி, கிளேசியரையும் அதை ஒட்டிக் கனடாப் பக்கம் இருக்கும் வாட்டர்ட்டன் தேசியப் பூங்காவையும் அமைதிப் பூங்காவாக இணைக்கத் தீர்மானம் போட்டார்கள். 1932இல் இரு நாட்டுச் சட்டமும் வந்து, உலகின் முதல் பன்னாட்டு அமைதிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சீஃப் மவுண்டன் சாலை 1935 வாக்கில் முடிந்து, 1936 கோடையில் முறைப்படி திறந்தது. அதற்குள் மதுவிலக்கு ஒழிந்து இரண்டரை வருஷம் ஆகிவிட்டது! கிட்டத்தட்ட எல்லா அரசாங்க ரோடுகளுக்கும் உள்ள தலைவிதி இது: தேவை போன பிறகு ரோடு வரும்.

ஆக, இது ஊரார் பிழைப்புக்காகப் போட்ட சாலை இல்லை, விருந்தாளிக்காகப் போட்டது. அதனால்தான் விருந்தாளி வரும் மாதங்களில் மட்டும் திறக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை வழக்கமாகக் காலை 7 முதல் இரவு 10 வரை, அதற்கு முன்னும் பின்னும் 9 முதல் 6 வரை, மற்றபடி பூட்டு. குளிரும் ஒரு காரணம்தான், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தெற்கே இருக்கும் பிளாக்ஃபீட் தலைமை ஊரான பிரவுனிங்கில் 1916 ஜனவரியில் ஒரே நாளில் வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 49க்கு இறங்கியது. ஒரு நாளைக்குள் இத்தனை இறக்கம் உலகச் சாதனை. ஆனால் அதே குளிர், அதே காற்று அடிக்கும் கார்வே சாவடி வருஷம் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. அங்கே ஆள் போட்டிருக்கிறார்கள், பனி அள்ளுகிறார்கள். இங்கே போடவில்லை. எல்லைக் கோடு 12 மாதமும் இருக்கும். வாசல் எத்தனை மாதம் என்பதைச் சம்பளப் பட்டியல் முடிவு செய்கிறது.

திறந்திருக்கும் மாதங்களிலும் வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1794இல் அமெரிக்காவும் பிரிட்டனும் செய்த ஜே ஒப்பந்தம், பழங்குடியினர் எல்லையை இரு பக்கமும் தடையின்றிக் கடக்கலாம் என்கிறது. அமெரிக்கா இதைச் சட்டத்தில் வைத்திருக்கிறது: கனடாவில் பிறந்த பழங்குடியினர் 50 சதவீதமாவது ‘ரத்தம்’ நிரூபித்தால் அமெரிக்காவுக்குள் வந்து வாழலாம், வேலை செய்யலாம். கனடா அப்படி ஒரு சட்டம் இயற்றவில்லை. ஜே ஒப்பந்தம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1956லேயே சொல்லிவிட்டது. எனவே கைனாய்ப் பெண் ஒருத்தி தெற்கே வருவது உரிமை. அவளைப் பார்க்க பிளாக்ஃபீட் சித்தப்பா வடக்கே போவது அனுமதி. ஒரே சாலை, ஒரே உறவு, போகும் திசையைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. சடங்குப் பொருள்கள் கட்டிய புனித மூட்டையைச் சாவடியில் பிரித்துக் காட்டச் சொல்வது பற்றிய மனக்குறை இரு பக்கமும் பல காலமாக உண்டு. கழுகு இறகு சுங்க அதிகாரிக்கு வனவிலங்குச் சட்டம், கொண்டுவருகிறவருக்கு சாமி.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை மூடியபோது கார்வே போன்ற சாவடிகள் அத்தியாவசியப் போக்குவரத்துக்காக இயங்கின. சீஃப் மவுண்டன் அந்தக் கோடையிலும் திறக்கவில்லை, அடுத்த கோடையிலும் திறக்கவில்லை. விருந்தாளி இல்லாத இடத்தில் வாசல் எதற்கு? நெடுஞ்சாலை 17க்கு முழுசாக இரண்டு சீசன் போனது.

அந்தச் சமயத்தில் பக்கத்துச் சாவடியில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். 2021 வசந்தத்தில் பிளாக்ஃபீட் மக்கள் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். கையில் மருந்து மிச்சம், காலாவதித் தேதி நெருங்குகிறது. கோட்டுக்கு வடக்கே சொந்தக்காரர்கள் ஊசிக்கு வரிசையில் காத்திருக்கிறார்கள். மருந்தை வடக்கே அனுப்ப வழி கிடைக்கவில்லை. சரி, ஆளை வரச் சொல்லுங்கள் என்று பீகன் – கார்வே சாவடியில் முகாம் போட்டார்கள். கனடாவிலிருந்து கார்கள் வரிசை கட்டின. யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினால் செவிலியர் ஊசி போடுவார். பக்க விளைவு ஏதும் இருக்கிறதா என்று கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டியது. நாடு விட்டு நாடு போய் வந்தவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்குத் தளர்த்தப்பட்டது. முதலில் பிளாக்ஃபுட் உறவுகளுக்கு என்று ஆரம்பித்தது, அப்புறம் ஆல்பர்ட்டாக்காரர் யார் வந்தாலும் போடுகிறோம் என்றானது. மணிக்கணக்கில் வண்டியோட்டி வந்தவர்களும் வரிசையில் இருந்தார்கள். நிலத்தையெல்லாம் இழந்த மக்கள், கனடா என்ற பணக்கார நாட்டின் குடிமக்களுக்கு மருந்து கொடுத்தார்கள். அன்றைக்கு வாசல் அவர்கள் கையில் இருந்தது.

மனிதர்களைவிடத் தண்ணீருக்கு இந்தக் கோட்டைக் கடப்பது இன்னும் சிக்கல். வடக்கே போகிற செயின்ட் மேரி ஆற்றுத் தண்ணீரைப் பேப் அருகே மடக்கி, கால்வாயிலும் ராட்சதக் குழாய்களிலும் மில்க் ஆற்றில் விடுகிறார்கள். மில்க் ஆறு கனடாவுக்குள் போய்ச் சுற்றிவிட்டு மறுபடி மொன்டானா விவசாயிகளிடம் வந்து சேரும். இந்தத் தண்ணீர்ச் சண்டையும் சேர்ந்துதான் 1909 எல்லை நீர் ஒப்பந்தத்துக்கு வழிவகுத்தது. பேப் என்ற ஊர்ப் பெயரே அந்தக் கால்வாய் வேலையில் இருந்த பொறியாளருடையது. 2024 ஜூனில் நூறு வருஷத்துக்கு மேல் பழையதான அந்தக் குழாய்கள் வெடித்து வெள்ளம் பாய்ந்தது. கீழே இருந்த வயல்களுக்கெல்லாம் அந்தப் பருவத்துத் தண்ணீர் கிடைக்காமல் போயிற்று.

பைசனின் கதை இதற்கு நேரெதிர். 1870களில் இந்தச் சமவெளியிலிருந்து சில கன்றுகளை மலைக்கு மேற்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். அவை பெருகிய மந்தையை வைத்திருந்த மிஷேல் பாப்லோ, மேய்ச்சல் நிலம் பறிபோனதால் 1907 முதல் கனடா அரசுக்கு விற்றார். அதில் ஒரு பகுதி எட்மன்டன் அருகே எல்க் ஐலண்டு பூங்காவில் தங்கியது. அந்த வம்சத்தில் 87 கன்றுகள் 2016இல் பிளாக்ஃபீட் நிலத்துக்குத் திரும்பின. 2023 ஜூனில் அவற்றில் ஒரு கூட்டத்தைச் சீஃப் மவுண்டன் அடிவாரத்தில் வேலியில்லாமல் அவிழ்த்துவிட்டார்கள். மேற்கே கிளேசியர் பூங்காவுக்கும் வடக்கே வாட்டர்ட்டனுக்கும் அவை தம் விருப்பப்படி போய்வர வேண்டும் என்பது திட்டம். ஸ்டிம்சன் பார்த்த மண்டையோட்டுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவே நூற்றிமுப்பது வருஷம்.

கோடையின் கடைசியில் இந்தச் சாலைக்கு இன்னொரு வகை விருந்தாளி வருகிறார்கள், நடந்து. மெக்சிகோ எல்லையில் கிளம்பி, ஆறுகள் கிழக்கே, மேற்கே என்று பிரிந்து ஓடும் மலைமுகட்டை ஒட்டியே சுமார் 5,000 கிலோமீட்டர் நடக்கும் நெடும்பாதைக்குச் சீஃப் மவுண்டன் சாவடி ஒரு முடிவிடம். ஐந்து மாதம் நடந்து வருகிறவர்களில் வேகமானவர்கள் செப்டம்பருக்குள் வந்துவிடுவார்கள். எல்லைத் தூணைத் தொட்டு போட்டோ எடுத்துக்கொண்டு, வாகன நிறுத்துமிடத்தில் யாராவது லிஃப்ட் கொடுக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அக்டோபரில் வருகிறவர்களுக்குத் தூண் இருக்கும், காட்டு வகிடு இருக்கும், கேட் பூட்டியிருக்கும். கார் எதுவும் வராது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை 17 வழியாக இன்னும் 14 மைல் நடக்க வேண்டியதுதான்.